அவரோடு போன துடுப்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது முடிந்துவிட்டது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கும் அணை மீன் தின்று வளர்ந்தவை. மூத்தவன் எங்களோடு ஊரிலேயே இருந்து டிராக்டர் ஓட்டுகிறான். பெண் கள்ளக்குறிச்சியில் குடும்பம் நடத்துகிறாள். மற்ற இருவரும் சென்னைப் பக்கம். யாரிடமும் போய் நின்று கை நீட்டாமல் வளர்த்தோம். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு.

இதை என் பேத்தி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். "புக்குல வர்ற மாதிரி எழுதட்டுமா ஆயா?" என்று கேட்டாள். என் பேச்சை அப்படி எழுதிக்கொள், ஆனால் மற்றவர்கள் பேசியதைப் பேசியபடியே போடு என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போன ஆடியில் இறந்தார். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகக் கட்டின வலை தண்ணீரிலேயே நின்றுவிட்டது. அதை நான் தனியாகப் பரிசலில் போய் எடுத்து வந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பிறந்தது திருக்கோவிலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையில். ஆற்றில் தண்ணீர் வருகிற மாதங்களில் என் அப்பா பரிசல் விட்டு ஆட்களை அக்கரை சேர்ப்பார். ஆண் பிள்ளை இல்லாத வீடு. அதனால் துடுப்பு என் கைக்கு வந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர்களையும் ஆடுகளையும் நானே அக்கரையில் இறக்கியிருக்கிறேன்.

கட்டிக்கொடுத்தது கல்வராயன் மலையடிவாரத்தில், மானாவாரிக் காட்டை நம்பி இருந்த குடும்பத்தில். அந்த வீட்டில் யாருக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கிப் பழக்கமில்லை. கிணறு வற்றி, இரண்டு வருடம் விதைத்தது மண்ணோடு போன பிறகுதான், அணையில் மீன் பிடிக்கலாம் என்று அவர் ஒரு பரிசலை வாங்கி வந்தார்.

முதல் நாள் அவரே ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டார். நல்ல வேளை, கரையில் வேறு யாரும் இல்லை. பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எந்தப் பக்கம் உட்கார்ந்து தண்ணீரை நம் பக்கமாக இழுக்கிறோமோ அதுதான் முன்பக்கம். அவர் இழுக்காமல் தள்ளினார். பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"இன்னாங்க, மீன் புடிக்க வந்தீங்களா, ராட்டினம் சுத்த வந்தீங்களா?" என்றேன்.

"சுத்துனாத்தாண்டி எல்லா மலையும் தெரியுது" என்றார். தலை சுற்றி முகம் வெளுத்திருந்தது. அப்போதும் வாய் குறையவில்லை.

அன்றைக்கு இடம் மாறி உட்கார்ந்தோம். அதன் பிறகு மாறவே இல்லை. நான் துடுப்புப் போட, எதிர்ப்பக்கம், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் வலை விடுவார். வலை விடுவதில் அவருக்கு நல்ல கை வந்துவிட்டது. எந்த மாதம் எந்த ஆழத்தில் கெண்டை நிற்கும் என்று எனக்கே சொல்வார். துடுப்பு மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை.

நான் அணையில் இறங்கிவிட்டேன் என்று கேள்விப்பட்டு, என் அப்பா வேங்கைக் கட்டையில் ஒரு துடுப்புச் சீவிக் கொண்டுவந்தார். பிடி என் கைக்கு அளவாக, சின்னதாக இருக்கும். எலவனாசூர்கோட்டையில் பஸ் மாறும்போது, "இன்னா பெருசு, பஸ்ஸையே துடுப்பு போட்டு ஓட்டப் போறியா?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். "வண்டி நடுவுல நின்னா சொல்லு தம்பி, போடறேன்" என்றாராம் அப்பா. வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கும் முன்பே இதைச் சொல்லிச் சிரித்தார்.

கரையேறி ஊருக்குள் வரும்போது மீன் கூடை என் தலையில் இருக்கும். துடுப்பை என் வீட்டுக்காரர் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடப்பார். அதனால் ஊருக்கு அது அவர் துடுப்பு. "துடுப்புக்காரர் வூடு" என்றுதான் எங்கள் வீட்டுக்குப் பெயர். தண்ணீருக்கு நடுவில் யார் இழுக்கிறார்கள் என்று யார் வந்து பார்த்தார்கள்? நானும் யாரையும் திருத்தவில்லை. அவர் தோளில் அது அழகாக இருந்தது.

அணைத் தண்ணீர் மலைக்குள் நுழைந்து முடிகிற கடைசி இடத்தை நாங்கள் இடுக்கு என்போம். இரண்டு பக்கமும் காடு. ரோடு கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. காலையில் கிளம்பினால் உச்சி வெயில் தாண்டித்தான் போய்ச் சேரலாம். அங்கே வலையைக் கட்டிவிட்டு, பாறை மேல் சோறு பொங்கித் தின்று, அங்கேயே படுத்து, விடிந்ததும் வலையை எடுத்துக்கொண்டு திரும்புவோம்.

ஆடியிலும் அப்படித்தான் போனோம். விடிகாலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் வியர்வை. தூக்கிப் பரிசலில் படுக்க வைத்தேன். அன்றைக்கு இழுத்த மாதிரி நான் எந்த வெள்ளத்திலும் இழுத்ததில்லை. அவர் பரிசலுக்குள் சுருண்டு கிடந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் வாயைத் திறந்தார்.

"வலை கெடக்குது."

"கெடந்துட்டுப் போவட்டும். பேசாதீங்க."

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளிந்து பேசினார். பெண் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அதைத் தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வலைய எடுத்தியா?"

"இல்லீங்க. நீங்க எந்திரிச்சு வாங்க. போயி எடுக்கலாம்."

"மீனு அழுவிப் போவும். யாரு தின்றது அத? நீ போயி எடுத்துடு. வேற யாரையும் அனுப்பாத, வலையக் கிழிச்சிடுவானுங்க."

"சரிங்க. நானே எடுத்துடறேன்."

யாருக்கும் சோறாகாமல் ஒரு மீன் சாகக் கூடாது என்பது அவருடைய கணக்கு. சின்ன மீன் மாட்டினால் எடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவார். விற்காத மீனை அக்கம் பக்கத்தில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். ஆஸ்பத்திரியில் அந்த வலையைத் தவிர வேறு எதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் பார்த்தது, பூ உதிர்ந்துகொண்டே போன பாடையின் பின்பக்கம்தான். காரியம் முடிகிற வரை மூலையில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், நானும் அழுதேன். கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வலை, ஒவ்வொரு நாளும் அதில் வந்து மாட்டுகிற மீன்.

காரியம் முடிந்த மறுநாள் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் துடுப்பு நிற்கிற இடம் காலியாக இருந்தது. சுவரில் அது உராய்ந்த கறை மட்டும் இருந்தது.

"டேய், துடுப்பு எங்கடா?" என்று மூத்தவனைக் கேட்டேன்.

"எந்தத் துடுப்பும்மா?"

"இந்த வூட்டுல எத்தினி துடுப்பு கீது?"

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அது... அப்பாவோடயே வெச்சிட்டோம்மா. பெரியவங்கதான் சொன்னாங்க, தொழில் செஞ்ச பொருளு, அவரோடயே போவட்டும்னு. குழியில வலது கைப் பக்கமா வெச்சேன். அங்க அழாத ஆளு இல்லம்மா."



"அது என் துடுப்புடா."

"இன்னாம்மா சொல்ற?"

"எங்கப்பா எனக்கு செஞ்சு குடுத்ததுடா அது. உங்கப்பாவுக்குத் துடுப்பு போடவே தெரியாது."

அவன் பின்னால் நின்ற என் மருமகளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. கிழவிக்குத் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்கிற பார்வை.

"நீ கொஞ்சம் படும்மா. நைட்டெல்லாம் தூங்கல நீ."

"நான் எதுக்குடா படுக்கணும்? உன்னை வயித்துல வெச்சிக்கினு அந்தத் துடுப்ப இழுத்தவடா நான்."

அப்போதுதான் அவன் முகம் மாறியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மெதுவாக, "தோண்டி எடுத்துடலாமாம்மா?" என்றான்.

"போனவரு கையில கீறதப் புடுங்கறதா? வாயக் கழுவு."

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவுக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களே.

பிளாஸ்டிக் துடுப்பு விற்கிறதாம், வாங்கி வருகிறேன் என்றான். அதுவரைக்கும் வலை கிடக்குமா? தோட்டத்தில் காய்ந்து விழுந்திருந்த தென்னை மட்டையில் நல்ல கனமானதாக ஒன்றைப் பொறுக்கி, ஓலையைக் கழித்து, அடிப்பக்கத்தை அரிவாளால் சீவினேன். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மட்டை மாதிரி வந்தது. போதும்.

"தாலிய எறக்கி ஒரு மாசம் கூட ஆவல, அதுக்குள்ள தண்ணியில எறங்கறியா? ஊரு இன்னா பேசும்?" என்றாள் நாத்தனார்.

"ஊரா வலை எடுக்கப் போவுது?" என்றேன்.

மூத்தவன் கூட வருவதாகச் சொன்னான். "உனக்கு நீச்சலே தெரியாது. உங்கப்பா ஒருத்தர எத்தினி வருசம் இழுத்தேன், உன்னையும் இழுக்கணுமா?" என்றேன். சிரித்தான், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். உரச் சாக்கு ஒன்றில் மண்ணை நிரப்பி, தூக்கிவந்து பரிசலில் வைத்தது அவன்தான். எதிர்ப்பக்கம் பாரம் இல்லாவிட்டால், துடுப்புப் போடுகிறவர் பக்கம் பரிசல் சாய்ந்து தண்ணீர் ஏறும். அவர் உட்காருகிற இடத்தில் மண் மூட்டையை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியில் பல தடவை அந்த மூட்டையிடம் பேச வாயெடுத்தேன்.

இடுக்கில் நான் போய்ச் சேரும்போது கரையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மலை மேலிருந்து ஆடு ஓட்டிவருகிறவள், பல வருடப் பழக்கம். நாங்கள் மீன் கொடுப்போம், அவள் சாமை கொடுப்பாள்.

"எங்கக்கா, அண்ணன் வரலியா?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள்.

கிட்டே வந்ததும் என் நெற்றியைப் பார்த்தாள். கையிலிருந்த கோலைக் கீழே போட்டுவிட்டு, பரிசலின் விளிம்பைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். அப்புறம், "அந்தச் சாக்குல இன்னாக்கா?" என்றாள்.

"மண்ணு. அண்ணன் எடம் காலியா இருந்தா பரிசல் சாயும்."

"திரும்பிப் போவும்போது நான் வேணா குந்திக்கறேன்க்கா. மண்ணுக்கு நான் தேவல."

"உன் ஆடுங்கள எங்க குந்த வெக்கறது?"

அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம்.

வலை மோசமாக இருந்தது. அணை வருவதற்கு முன்னால் அங்கே நின்றிருந்த பனைகளின் கட்டைகள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. வலை அவற்றைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கிடந்தது. மீனெல்லாம் முள்ளாகத் தொங்கியது. மீனுக்கு ஆசைப்பட்டு மூழ்கின ஒரு நீர்க்காகம், இறக்கையை விரித்தபடியே மாட்டிச் செத்திருந்தது. நாற்றத்துக்கு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன். கத்தி வைத்திருந்தேன், ஆனால் ஒரு கண்ணியையும் அறுக்கவில்லை. வலையைக் கிழித்துவிடுவார்கள் என்றுதானே என்னைப் போகச் சொன்னார். விரல் விரலாக விட்டுப் பிரித்தேன். அன்றைக்கு முடியவில்லை. பாறையில் படுத்து எழுந்து, மறுநாளும் பிரித்தேன். எங்கள் மூன்று அடுப்புக் கல்லும் கரியோடு அப்படியே இருந்தன. சோற்றை ஒரு ஆளுக்குப் பொங்கத் தெரியாமல் இரண்டு ஆளுக்குப் பொங்கிவிட்டேன்.

கடைசிப் பாகத்தில் ஒரே ஒரு கெண்டை உயிரோடு துடித்தது. நல்ல பெரிய மீன். அதை எடுத்து, அன்றைக்கும் வந்திருந்த ஆட்டுக்காரியிடம் கொடுத்தேன்.

"நீ எடுத்துக்கினு போயேன்க்கா."

"நான் ஒரு வருசத்துக்கு மீன் தொடறதா இல்ல. நீ ஆக்கித் தின்னு. யாராவது தின்னணும் அத."

அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் திரும்பினேன். சாக்கு மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் ஈர வலையைச் சுருட்டி வைத்தேன். மூட்டை அளவுக்குக் கனம் இல்லை, ஆனாலும் போதும். ஈரமும் பாசியும் மீனும் கலந்த வாசனை அதிலிருந்து வந்தது. சாயங்காலம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வருகிற அவர் மேல் அடிக்கிற வாசனை. பத்து இழுப்புக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வலைதான் இருந்தது.

காற்று மலையிலிருந்து என் முதுகுப் பக்கம் அடித்தது. சுலபமாக வந்துவிடலாம் என்று நினைத்தேன். மதகு கண்ணில் படும் தூரம் வந்தபோது மட்டை விரிந்துவிட்டது. ஊறி ஊறிச் சோறு மாதிரி ஆகி, நடுவில் பிளந்து, பாதி தண்ணீரோடு போய்விட்டது. கையில் இருந்த குச்சியால் இழுத்தேன். தண்ணீர் கையில் நிற்கவில்லை. பரிசல் மெல்லத் திரும்பியது. அப்புறம் சுற்ற ஆரம்பித்தது.

ஏழெட்டு வயதிலிருந்து பரிசல் விடுகிறேன். என் கையில் ஒரு பரிசலும் சுற்றினது கிடையாது. இப்போது சுற்றியது. அணைக்கரை வந்தது, போனது. பனந்தோப்பு வந்தது. பிறகு மலை, ஒன்றன் பின் ஒன்றாக, திரும்பும்போது நான் முதுகு காட்டி உட்காருகிற மலை முழுவதும் என் எதிரில் வந்து போனது. அவர் சொன்னது சரிதான். எல்லா மலையும் தெரிகிறது. "பாத்துட்டேங்க" என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகு குச்சியைப் பரிசலுக்குள் போட்டேன். பரிசலின் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். காரியத்தில் வந்தவர்களுக்கு முன்னால் அழுதது வேறு. இது வேறு. தண்ணீருக்கு நடுவில் யாருக்கும் கேட்காது என்பதால் வாய் விட்டே அழுதேன். அழுது முடிகிற வரை பரிசல் சுற்றியது. பிறகு சோற்றுக் குண்டானின் மூடியை எடுத்து, அதனால் தண்ணீரை இழுத்து, காற்று தள்ளின தள்ளலில் கரை சேர்ந்தேன்.

கரையில் எங்களோடு மீன் பிடிக்கிற ஒருவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வந்த அழகை முழுக்கப் பார்த்திருக்கிறார்.

"இன்னா ஆயா இது, பம்பரம் மாதிரி வர்ற? வுடத் தெரியாம ஏன் எறங்கற? எங்க கிட்ட சொன்னா எடுத்தாந்திருக்க மாட்டோமா? பெருசு இருந்தா இப்படிச் சுத்த வுட்டிருப்பாரா?"

எனக்குச் சுருக்கென்றது. வாய் வரைக்கும் வந்தது. இந்தத் தம்பி பிறக்கும் முன்பே பரிசல் விட்டவள் நான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரை நினைத்து அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"இருந்தா வுட்டிருக்க மாட்டாரு தம்பி" என்றேன். "பரிசலக் கவுத்துப் போடு. ஒரு கை புடி."

மூத்தவன் சாயங்காலம்தான் வருவான். நான் காத்திருக்கவில்லை. வலையைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டேன். மிச்சமிருந்த மட்டைக் குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் யாரும் நடக்கவில்லை. வலை நீர் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டே வந்தது.

ஊருக்குப் போகிற ரோட்டோரத்தில்தான் எங்கள் சுடுகாடு. ஒரு நாளும் அங்கே நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன். உள்ளே போகவில்லை. புது மண் எது என்று ரோட்டிலிருந்தே தெரிந்தது. மாலைகள் காய்ந்து கிடந்தன.

"வலைய எடுத்தாச்சுங்க" என்றேன். "எங்கயும் கிழியல. ஒரு மீன் உசுரோட இருந்துது. மலைக்காரி எடுத்துக்கினு போனா."

சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் கால் நகரவில்லை. அவருடைய வலது கைப் பக்கத்தில் என் துடுப்பு இருக்கிறது. அங்கே தண்ணீர் இருந்தால், கூட நான் இல்லாமல், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? தள்ளுவார். சுற்றிக்கொண்டே கிடப்பார். தலை சுற்றி முகம் வெளுத்துப்போகும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

ரோட்டில் ஒரு டெம்போ போனது. அது மறைகிற வரைக்கும் பார்த்தேன். பிறகு கொஞ்சம் சத்தமாக, அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"தள்ளாதீங்க. எதிர்ல கீற தண்ணிய உங்க பக்கமா இழுங்க. மெதுவா. இடது கை மேல, வலது கை கீழ. புடி சின்னதாத்தான் இருக்கும், அது என் கைக்கு வெச்சது. எதிர்ப்பக்கம் ஒரு கல்லு, எதுனா பாரம் வெச்சிக்கோங்க. அவசரப்படாதீங்க, நான் வர்ற வரைக்கும் கரையோரமாவே போங்க."

வீட்டுக்கு வந்து வலையை அலசி வேலியில் உலரப் போட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆயா, தாத்தாவுக்குத் துடுப்பு போடத் தெரியாதுன்னு எழுதிட்டேனே. ஊருல யாரும் இத நம்ப மாட்டாங்க. அது இருக்கட்டுமா, அடிச்சிடட்டுமா?" என்று கேட்கிறாள்.



"மொதல்ல இருந்து ஒரு வாட்டி படி கண்ணு. கேட்டுட்டுச் சொல்றேன்."